பலபடி வழி மருந்தளிப்பு: தொற்றுநோய்ச் சிகிச்சையிலும் தடுப்பிலும்

பலபடி வழி மருந்தளிப்பு என்பது, மருந்தைப் பலபடி (பாலிமர்) எனப்படும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்குள் பொதிந்தோ அவற்றோடு பிணைத்தோ உடலில் செலுத்தி, அது எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் வெளிப்படவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் முறை. பலபடி இயற்கையில் கிடைப்பதாக இருக்கலாம்: கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன். ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம்: சிலிகோன், பாலிஎத்திலீன் கிளைக்கால், லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த பி.எல்.ஜி.ஏ. கருத்தடை, புற்றுநோய், மனநோய் ஆகிய துறைகளில் இம்முறை வேரூன்றிவிட்டது. தொற்றுநோய்களில் அதன் வரலாறு மேடுபள்ளம் நிறைந்தது. அந்த வரலாற்றின் முக்கியமான கேள்விகள் சில தமிழ்நாட்டில், செங்கல்பட்டிலும் சென்னையிலும் திருநெல்வேலியிலும், நோயாளிகளின் படுக்கையருகே எழுந்தவை.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடி ஒன்றுதான். கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இருந்தும் நோய் தீராமல் போவதற்குக் காரணம், பல வேளைகளில், மருந்து வேண்டிய காலம் முழுவதும் உடலில் தங்காததே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்து ஊர் துண்டிக்கப்பட்டது. அண்டையில் உள்ள காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் காசநோயாளியின் சிகிச்சை, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை நம்பித்தான் நிற்கிறது. வெள்ளம் வராத நாளிலும் அறுவடை வேலை, வெளியூர்ப் பயணம், அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம், உடம்புதான் தேறிவிட்டதே என்ற நினைப்பு ஆகியவை மாத்திரையை நிறுத்திவிடுகின்றன. ஒருமுறை செலுத்தினால் வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்து வேண்டும் என்ற ஆசை இங்கிருந்து பிறந்தது.

முன்னோடி: தொழுநோய் ஊசிகள்

பலபடிக்கு முன் எண்ணெய் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்தின் எண்ணெய் சித்த மருத்துவத்தில் தோல்நோய்களுக்கு நெடுங்காலம் வழங்கிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த எண்ணெயையும் அதிலிருந்து செய்த சேர்மங்களையும் தொழுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். வலி மிகுந்த ஊசி, பயனும் ஐயத்துக்குரியது. 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபாஜெட் சல்ஃபோன் வகை மருந்தான புரோமினைக் கொடுத்துப் பார்த்தபின் நிலைமை மாறியது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் அப்போது ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். புரோமின் போன்றவை விலை கூடியவை; நாள்தோறும் நரம்பில் ஏற்றவேண்டியவை. அவற்றுக்கெல்லாம் தாய்ப்பொருளான டாப்சோன் மலிவு. ஆனால் அது மனிதருக்கு நஞ்சு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. காக்ரேனும் அவருடன் இருந்த மருத்துவர்களும் 1946 முதல் அதை எண்ணெயில் கலக்கி ஊசியாகக் கொடுத்தார்கள். எண்ணெய்த் தேக்கத்திலிருந்து மருந்து மெல்லக் கசிந்ததால் உடல் அதைத் தாங்கியது. சிறிய அளவே போதும் என்று பிறகு தெரிந்து, டாப்சோன் மாத்திரை உலகெங்கும் பரவியது. ஊசி பின்னுக்குப் போனாலும், தேக்கிவைத்து விடும் மருந்து என்ற எண்ணத்துக்குச் செங்கல்பட்டு தந்த சான்று பெரிது.

1960-களில் பார்க்-டேவிஸ் நிறுவனம் அசிடாப்சோன் என்ற ஊசியை உருவாக்கியது. 225 மி.கி. ஒரு முறை, அடுத்தது 77 நாள் கழித்து. ஆண்டுக்கு ஐந்தே ஊசி! திருமணி மருத்துவமனை 1955-ல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனமாக மாறியிருந்தது. அங்கே நீலன், நூர்தீன், சிவபிரசாத் ஆகியோர் தொழுநோயாளிகள் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தடுப்பாகக் கொடுத்து ஆராய்ந்து 1983-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயுற்றவருக்கு மட்டுமல்லாமல், நோய் வராமல் இருக்கவும் நீள்கால ஊசி உதவும் என்று மக்களிடையே காட்டிய முன்னோடி முயற்சிகளில் இது ஒன்று. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி இன்று பேசுவோர் இதை நினைப்பதில்லை, நினைக்கவேண்டும்.

அசிடாப்சோன் பரவாமல் போனதற்கும் காரணம் உண்டு. அது உடலில் விட்ட டாப்சோனின் அளவு மிகக் குறைவு. கிருமியை முழுதும் கொல்லாமல் குறைந்த அளவில் நெடுநாள் தங்கும் மருந்து, எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியை வளர்த்துவிடும். டாப்சோன் எதிர்ப்பு தலைதூக்கியதும் 1981-ல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நீள்கால மருந்தின் கடைசிக் கசிவு ஆபத்தானது என்ற அந்தப் பாடம், பின்னால் வந்த எல்லாப் பலபடி மருந்துகளுக்கும் பொருந்தும்.

1950-களில் வந்த பென்சத்தீன் பெனிசிலினையும் சொல்லவேண்டும். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் 12 லட்சம் அலகு ஊசி இதுதான். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெனிடியூர் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். இங்கே மருந்து மெல்லக் கரைவது உப்பின் இயல்பால். ஆனால் அந்த வெள்ளைக் குழம்பு அடியில் கட்டிவிடாமல் தாங்கி நிற்க, கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் போவிடோனும் சேர்க்கும் வழக்கம் உண்டு. இரண்டும் பலபடிகள்.

போவிடோன் அயோடின்

ஏரல் கடைத்தெருவில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைக்கும் பலபடி மருந்து ஒன்று உண்டு: புண்ணுக்குப் போடும் பழுப்பு நிறப் போவிடோன் அயோடின் களிம்பும் கரைசலும். வாங்குபவர் யாரும் அதை நவீன மருந்தளிப்பு என்று நினைக்கமாட்டார். உண்மையில் உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பலபடி வழிக் கிருமிக்கொல்லிகளில் அது ஒன்று.

அயோடின் டிங்சரைப் பழைய தலைமுறை அறியும். புண்ணில் பட்டால் உயிர் போகும் எரிச்சல், தோலும் வெந்துபோகும். ஜெர்மனியில் வால்டர் ரெப்பே 1930-களின் இறுதியில் பாலிவினைல் பைரோலிடோன் என்ற பலபடியை உருவாக்கினார். போர்க்காலத்தில் அது இரத்த நீர்மத்துக்கு மாற்றாகப் பயன்பட்டது. 1955-ல் பிலடெல்பியாவில் ஷெலான்ஸ்கிகள் இருவரும் அதோடு அயோடினைச் சேர்த்தபோது, சங்கிலி அயோடினைப் பிடித்துவைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டது. கிருமி சாகிறது, எரிச்சல் குறைவு. இதில் வியப்பான இயல்பு ஒன்று உண்டு. கரைசலை நீர்விட்டு நெகிழ்த்தினால் ஓர் எல்லை வரை கட்டற்ற அயோடினின் அளவு கூடுகிறது. சங்கிலியின் பிடி தளர்வதே காரணம். ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக நெகிழ்த்தும்போது அது உச்சத்தை எட்டும். ஆனால் மொத்தச் சேமிப்பு குறைந்துவிடுவதால் அழுக்கு மிகுந்த புண்ணில் அது விரைவில் தீர்ந்துபோகும்.

அறிவியல் உருப்பெற்ற விதம்

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், சிலிகோன் ரப்பர்க் குழாய் வழியே சில மருந்துகள் ஊறி வெளிவருவதைக் கண்டு 1964-ல் லாங் என்பவருடன் சேர்ந்து எழுதினார். 1976-ல் அவரும் ராபர்ட் லாங்கரும் பெரிய புரதங்களையும் பலபடிக்குள்ளிருந்து நாட்கணக்கில் மெல்ல விடச்செய்யலாம் என்று நிறுவினார்கள். அதே காலத்தில் அறுவையில் தைக்கும் கரையும் நூலுக்காக லாக்டிக், கிளைக்காலிக் அமிலப் பலபடிகள் சந்தைக்கு வந்திருந்தன. உடலில் அவை நீரால் சிதைந்து, நம் தசையிலேயே உண்டாகும் லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் முடிகின்றன. நூலாகப் பாதுகாப்பானது மருந்துப் பொதியாகவும் பாதுகாப்பாக இருக்கும் என்ற துணிவில் 1989-ல் அமெரிக்காவில் மாதம் ஒருமுறை போடும் லூப்ரான் ஊசி வந்தது. அது புராஸ்டேட் புற்றுநோய்க்கு. தொற்றுநோய் பின்வரிசையில்தான் நின்றது.

தொற்றில் இம்முறை முதலில் வென்ற இடங்கள் சிறியவை, ஒதுங்கியவை: எலும்பும் பல் ஈறும். சீழ்ப்பிடித்த எலும்புக்கு இரத்தம் வழியே மருந்து போய்ச் சேர்வது கடினம். ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் 1970 வாக்கில், பலபடியால் ஆன எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசினைக் கலந்தார். பிறகு அதே பொருள் கம்பியில் கோத்த மணிகளாக வந்தது. ஆலையில் செய்த மணி கிடைக்காத இடங்களில், இந்தியாவில் பல அறுவை அரங்குகளில், மருத்துவரே சிமெண்டைப் பிசைந்து மருந்துத் தூளைச் சேர்த்துக் கம்பியில் உருண்டை பிடிக்கிறார். சிமெண்ட் இறுகும்போது சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்துதான் உதவும். ஜென்டாமைசினும் வான்கோமைசினும் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈறு நோய்க்கு 1994-ல் அமெரிக்காவில் டெட்ராசைக்ளின் இழை வந்தது. அது கரையாத பலபடி. பத்து நாள் கழித்து எடுக்கவேண்டும். சென்னையில் அட்வான்ஸ்டு பயோடெக் நிறுவனம் கொலாஜன் இழையில் டெட்ராசைக்ளினை ஏற்றித் தயாரித்தது. 25 மி.கி. கொலாஜனில் ஏறத்தாழ 2 மி.கி. மருந்து, கரைந்துபோவதால் எடுக்கவேண்டியதில்லை. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் பொருள் அது. கொலாஜனைப் பற்றிய அறிவுக்கும் சென்னை பெயர்பெற்றது. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாண்டுரங்க ராவ் முதலியோர் தோலின் புரதத்தை மருந்து தாங்கும் பொருளாக ஆராய்ந்தார்கள்.

காசநோய்: சென்னையில் எழுந்த கேள்வி

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் அதற்கு வழிகாட்டினார். நெருக்கமான குடியிருப்பில், அரைவயிற்று உணவோடு வாழும் நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் குணமாவாரா, அல்லது சானடோரியத்தில் படுத்தே தீரவேண்டுமா என்று ஒப்பிட்டார்கள். 1959-ல் வந்த முடிவு உலகச் சிகிச்சை முறையையே மாற்றியது: வீடும் சானடோரியமும் ஏறத்தாழச் சமம், வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று கூடவுமில்லை. சானடோரியக் காலம் முடிவுக்கு வந்தது.

ஆனால் வீட்டுச் சிகிச்சை ஒரு புதிய கவலையைப் பெற்றெடுத்தது. மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா? மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டு, பாஸ் என்ற மருந்து உடலில் சென்றிருக்கிறதா என்று நிறமாற்றத்தால் கண்டார்கள். நோயாளியின் தன்பொறுப்பில் மருந்து உண்பது எவ்வளவு சிக்கலானது என்று ஃபாக்ஸ் 1958-லேயே விரிவாக எழுதினார். விடையாக வந்தது மேற்பார்வைச் சிகிச்சை. வாரத்துக்கு இருமுறை ஊழியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட்டும் கொடுத்தால் போதும் என்று 1964-ல் சென்னை காட்டியது.

வாரம் ஒருமுறை போதுமா? அங்கேதான் முறை தடுக்கியது. ஐசோனியசிட்டைச் சிலருடைய கல்லீரல் விரைவாகச் செயலிழக்கச் செய்துவிடும். தென்னிந்தியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு வாரம் ஒரு வேளை போதவில்லை. அப்போது எழுந்த யோசனை, மாத்திரையே மருந்தை மெல்ல விடவேண்டும் என்பது. மெல்ல வெளிவிடும் ஐசோனியசிட் தயாரிப்புகள் 1970-களில் சென்னையில் ஆராயப்பட்டன. ஒரு தொற்றுநோயின் பரந்த சிகிச்சைத் திட்டத்துக்காக மெல்ல விடும் மருந்தை நாடிய தொடக்க முயற்சிகளில் இதுவும் ஒன்று. பிறகு ரிஃபாம்பிசின் வந்து சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கியதும் அந்த வழி கைவிடப்பட்டது.

மீண்டும் அதைக் கையில் எடுத்தவர் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் ஜி.கே. குல்லர். அவருடைய குழுவினர் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு மூன்றையும் பி.எல்.ஜி.ஏ. நுண்துகளில் பொதிந்து, காசம் தொற்றிய கினிப்பன்றிகளுக்கு ஆவியாகக் கொடுத்தார்கள். 2003-ல் வந்த முடிவு இது: பத்து நாளுக்கு ஒருமுறை வீதம் ஐந்தே முறை கொடுத்ததில் நுரையீரலில் கிருமி தென்படவில்லை. அதே பயனுக்கு, வாய்வழி மருந்து 46 நாள் தொடர்ந்து வேண்டியிருந்தது. 2005-ல் ஆல்ஜினேட் துகளோடு இன்னும் முன்னே போனார்கள். 15 நாள் இடைவெளியில் மூன்றே முறை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் அமித் மிஸ்ராவின் குழு மூச்சில் இழுக்கும் உலர்தூளை உருவாக்கியது. காசக் கிருமி ஒளிந்திருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களே இந்தத் துகளை விழுங்குவது இதில் உள்ள நுட்பம். கிருமியின் வீட்டுக்குள்ளேயே மருந்து போய்விடுகிறது.

இவ்வளவு நல்ல முடிவு வந்து இருபது ஆண்டு கடந்தபின்னும் ஏரல் அரசு மருத்துவமனைக்கு வரும் காசநோயாளி ஏன் மாத்திரையே விழுங்குகிறார்? விடை எளிய கணக்கில் இருக்கிறது. 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு அரசுத் திட்டத்தில் நாளுக்கு 4 கூட்டு மாத்திரை. ஐசோனியசிட் 300 மி.கி., ரிஃபாம்பிசின் 600, பைரசினமைடு 1600, எத்தாம்பியூட்டால் 1100; ஆக 3.6 கிராம். முதல் எட்டு வாரத்தில் ஏறத்தாழ 200 கிராம். அடுத்த 16 வாரம் பைரசினமைடு இல்லாமல் நாளுக்கு 2 கிராம் வீதம் 224 கிராம். மொத்தம் 425 கிராம் மருந்து. துகளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மருந்து ஏறினாலே நல்ல ஏற்றம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு கிலோவுக்கு மேல் துகளை உடலில் செலுத்தவேண்டும். நுரையீரலுக்கு நேரே போவதால் அளவு குறையும் என்றாலும், கினிப்பன்றிக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய இடைவெளி பெரிது. தூளைத் தூய்மையாகத் தயாரிக்கும் ஆலை, இழுக்கும் கருவி, நெடிய மனிதச் சோதனை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை ஏழைகளின் நோய்க்காக ஏற்கும் நிறுவனமும் எளிதில் அமையவில்லை. ஆகவே இப்போதைய முயற்சிகள் நோயைத் தீர்ப்பதைவிடத் தடுப்பதை நாடுகின்றன. தடுப்புக்கு மருந்து குறைவாகப் போதும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரிஃபாபென்டினை நீள்கால ஊசியாக்கும் ஆய்வு இந்த நோக்கில் நடக்கிறது.

ஆல்ஜினேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1881-ல் ஸ்காட்லாந்தில் ஸ்டான்ஃபோர்டு பழுப்புப் பாசியிலிருந்து அதைப் பிரித்தார். தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலிலிருந்து வடக்கே விரியும் மன்னார் வளைகுடாவில் அதே வகைப் பாசிகள், மீனவர் கட்டக்கோரை என்றும் பக்கடாப் பாசி என்றும் சொல்பவை, தானாக விளைகின்றன. ராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு நீரில் துளித்துளியாக விட்டால் விட்ட கணமே உருண்டையாக உறைகிறது. வெப்பமோ வீரியக் கரைப்பானோ தேவையில்லை. மென்மையான மருந்துகளுக்கும் உயிரணுக்களுக்கும் அது ஏற்றதாவது இதனால்தான். ஆனால் மருந்துக்குரிய தூய்மைக்கு அதைக் கொண்டுவருவது தனிக் கலை. இங்கு எடுக்கும் பாசியின் ஆல்ஜினேட் பெரும்பாலும் துணி அச்சடிப்புக்கும் உணவுப் பொருளுக்கும் போய்விடுகிறது. விலையேறிய பொருளாக மாற்றும் ஆலை இந்தக் கரையிலேயே அமைந்தால் மூழ்கி எடுப்பவர்களுக்குக் கூலி கூடும் என்பது என் எண்ணம்.

எச்.ஐ.வி.: தடுப்பில் கிடைத்த வெற்றி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில். மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பேராசிரியர் சுனிதி சாலமன் வழிநடத்தினார். இருபது ஆண்டு கழித்துச் சென்னை ஒரு பலபடிச் சோதனையில் இடம்பெற்றது. பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய தடுப்புக் கூழாக செல்லுலோஸ் சல்ஃபேட்டை ஆப்பிரிக்காவில் மூன்று இடங்களிலும் இந்தியாவில் சென்னை, பாகல்கோட் ஆகிய இரண்டு இடங்களிலும் சோதித்தார்கள். இங்கே பலபடி மருந்தைத் தாங்கவில்லை. தானே மருந்தாக நின்றது. ஆய்வகத்தில் வைரசை அருமையாகத் தடுத்தது. 2007 ஜனவரியில் சோதனை நிறுத்தப்பட்டது. 1398 பெண்களில், கூழைப் பயன்படுத்தியவர்களில் 25 பேருக்கும் வெறுங்கூழ்ப் பிரிவில் 16 பேருக்கும் தொற்று வந்திருந்தது. வேறுபாடு உறுதியானது என்று புள்ளியியல் சொல்லவில்லை. ஆனாலும் காப்பதற்குக் கொடுத்த பொருள் காக்கவில்லை என்பது தெளிவு. அந்தப் பெண்கள் நம்பி வந்தவர்கள். அவர்கள் தந்த விடையின் மேல்தான் அடுத்த கட்டம் எழுந்தது என்பதை இத்துறையின் வரலாறு மறக்கக்கூடாது.

அடுத்த கட்டம், பலபடி தாங்க, வீரியமான மருந்து வேலை செய்வது. 25 மி.கி. டாபிவிரின் கொண்ட சிலிகோன் வளையத்தைப் பெண்கள் மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். 2016-ல் வெளிவந்த இரண்டு ஆப்பிரிக்கச் சோதனைகளில் தொற்று 30 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. 2021-ல் உலக நலவாழ்வு நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் 600 மி.கி. கபோடெக்ராவிர் ஊசி தடுப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் நுண்தூள் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்த நீரில் மிதக்கிறது. 2025 ஜூனில் லெனகாபவிர் தடுப்புக்காக வந்தது. பாலிஎத்திலீன் கிளைக்காலில் கரைத்துத் தோலுக்கடியில் போட்டால் அங்கேயே தேங்கி ஆறு மாதம் கசிகிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் இதைப் பெற்ற 2134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை.

ஆறு மாதத்துக்கு லெனகாபவிரின் அளவு 927 மி.கி.; ஒரு கிராம்கூட இல்லை. காசத்தின் 425 கிராமோடு இதை வைத்துப் பார்த்தால், ஒன்று ஊசியாகி மற்றது மாத்திரையாகவே நிற்பதன் காரணம் முழுதும் விளங்கும். பலபடி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் மருந்து வீரியமாக இல்லாவிட்டால் பயனில்லை. மேலும், அசிடாப்சோன் காலத்துப் பழைய எச்சரிக்கை இங்கும் தொடர்கிறது. ஊசியை நிறுத்தியபின் கபோடெக்ராவிரின் மிச்சம் ஓராண்டுக்கு மேலும் சிலர் உடலில் தங்குகிறது. அந்தக் காலத்தில் தொற்று வந்தால் எதிர்ப்புக் கிருமி உருவாகும் வாய்ப்பு உண்டு. விலையும் பெரிய தடையாக இருந்தது. டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ ஆகிய இந்திய நிறுவனங்கள் 2027 முதல் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலரில் லெனகாபவிரைத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

பிற நோய்களுக்கான தடுப்பூசிகளிலும் இதே முயற்சி நடந்தது. மூன்று தவணையை ஒரே ஊசியில் அடக்க, வீரியம் நீக்கிய டெட்டனஸ் நச்சுப் புரதத்தைப் பலபடித் துகளில் பொதிந்து பார்த்தார்கள். டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அமுல்ய பாண்டாவின் குழு இதில் நெடுநாள் உழைத்தது. பலபடி சிதையும்போது உண்டாகும் அமிலமே உள்ளிருக்கும் புரதத்தைக் கெடுத்துவிடுவது தொடர்ந்து தொல்லை தந்தது.

கருவிழிப் புண்: திருநெல்வேலியின் நோய்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர்களில் கண்ணில் அடிபடுவது அன்றாடம் நடப்பது. கதிர் அடிக்கையில் நெல்லின் சுணை தெறிக்கும், வாழைச் சருகு உரசும், உடைமுள் கீறும். கீறலோடு பூஞ்சை உள்ளே போய்விடும். மதுரை மாவட்டத்தில் 1993-ல் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11.3 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக அரவிந்த் கண் மருத்துவமனையின் எம். சீனிவாசன் முதலியோர் கணக்கிட்டார்கள். திருநெல்வேலி அரவிந்தில் 1999 முதல் 2002 வரை மூன்று ஆண்டில் பார்த்த 3183 கருவிழிப் புண்களில் 1095-க்குக் காரணம் பூஞ்சை. அதிலும் ஃபூசேரியம் முதலிடம். மேலைநாட்டில் அரிதான இந்த நோய் இங்கே உழைப்பவர்களின் நோய்.

இதற்கு முதன்மை மருந்து 5 விழுக்காடு நாட்டாமைசின் சொட்டு. வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான சோதனையில், திசுவுக்குள் நன்கு ஊடுருவும் வோரிகோனசோலை நாட்டாமைசின் வென்றது. ஃபூசேரியத்தில் வேறுபாடு மிகத் தெளிவு. நாட்டாமைசின் கண்ணுக்குள் ஆழமாகப் போகாது. ஆனால் அதன் வெண்குழம்பு புண் இருக்கும் இடத்தில் ஒட்டித் தங்கும் இயல்புடையது.

தங்குவதுதான் கண்ணில் பெரும்பாடு. கண்ணீர்ப் படலம் ஏழு மைக்ரோலிட்டரை ஒட்டியது. விடும் சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். மிஞ்சியது கன்னத்தில் வழியும். உள்ளே நின்றதும் சில நிமிடத்தில் மூக்குக்குழாய் வழியே தொண்டைக்கு இறங்கிவிடும். உள்ளே போவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால்தான் அந்தச் சோதனையில், விழித்திருக்கும் நேரமெல்லாம் முதல் வாரம் மணிக்கு ஒரு சொட்டு, அடுத்து மூன்றாம் வாரம் முடியும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பக்கத்திலிருந்து சொட்டு விட ஒருவர் வேண்டும். இரண்டு பேரின் கூலி போகும்.

பலபடி இங்கே செய்யக்கூடியது நிறைய. பாக்டீரியக் கண்நோய்க்கு 2007-ல் அமெரிக்காவில் வந்த அசித்ரோமைசின் சொட்டு, பாலிகார்போஃபில் என்ற பலபடியின் ஒட்டும் தன்மையால் முதல் இரண்டு நாள் இருவேளை, அடுத்த ஐந்து நாள் ஒருவேளை என்று சுருங்கியது. பூஞ்சைக்கும் கைட்டோசான் நுண்துகள், கண்சூட்டில் உறையும் கூழ், மருந்து ஊறிய கண்வில்லை எனப் பல வடிவங்கள் இந்திய ஆய்வகங்கள் உட்பட உலகெங்கும் சோதிக்கப்படுகின்றன. கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது, கண்ணின் சளிப்படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் ஒட்டும். முயல் கண்ணில் நன்றாக நிற்கிறது. நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தாக இவை இன்னும் வரவில்லை.

வந்தால் முதலில் எங்கே கொடுக்கவேண்டும் என்பதற்கு மதுரை மாவட்டமே வழி காட்டியிருக்கிறது. சீனிவாசன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்திலேயே பயிற்சி பெற்ற ஊழியர்கள் கண்ணில் அடிபட்டவர்களைப் பார்த்து, கருவிழியில் கீறல் இருந்தால் 1 விழுக்காடு குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளை வீதம் மூன்று நாள் போட்டார்கள். சிலருக்கு அதோடு பூஞ்சைக்கொல்லிக் களிம்பும் சேர்த்தார்கள். கீறல்கள் புண்ணாகாமல் ஆறின. அந்தக் களிம்பைத் தாங்கிய பொருள் புதிய பலபடி எதுவும் இல்லை. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் விட்டுப் பார்த்து நாலு நாள் கழித்து நகரத்துக்குப் போகும் வழக்கத்துக்கு மாறாக, அடிபட்ட அன்றே மருந்து கண்ணில் தங்கியது. நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும் என்ற கூழ் ஒன்று தயாரானால், பெரிய மருத்துவமனை அலமாரிக்கு முன்னால் அது வயல்பக்கம் சுற்றும் அந்த ஊழியரின் பையில் இருக்கவேண்டும்.